நாக்கில் நில்லாத எழுத்தும் நாடறிந்த குரலும்

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பள்ளிப் பருவத்தில் விழுந்து விழுந்து படித்தவர்கள் நம்மில் பலர். அந்தத் துப்பறியும் நிபுணராக மேடையிலும் திரையிலும் எத்தனையோ பேர் நடித்திருக்கிறார்கள். ஆனாலும், ‘ஹோம்ஸ் என்றால் இவர்தான்’ என்று ரசிகர்கள் பலர் இன்றும் சொல்வது ஜெரமி பிரெட்டைத்தான். கணீரென்ற குரலும் வெட்டியெடுத்தாற் போன்ற உச்சரிப்பும் அவருடைய முத்திரை. அது பிறவியில் வந்த வரமன்று.

1933-இல் இங்கிலாந்தின் பெர்க்ஸ்வெல் கிராமத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் ‘ர’ என்ற ஒலி அவர் நாக்கில் நிற்காது. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் சிரமம். ஈட்டன் பள்ளியில் படிப்பு சுமார்தான். பதின்பருவத்தில் நாக்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் உச்சரிப்புப் பயிற்சியை அவர் விடவே இல்லை. புகழ் வந்த பிறகும் தினமும் செய்தார்.

தந்தை ராணுவ அதிகாரி. மகன் கூத்தாடியாவது அவருக்குக் கௌரவக் குறைவாகப்பட்டது. ஹக்கின்ஸ் என்ற குடும்பப் பெயரை மேடையில் பயன்படுத்தக் கூடாதென்று சொல்லிவிட்டார். மகன் தம் கோட்டில் தைத்திருந்த தையற்கடைச் சீட்டைப் பார்த்தார். அதிலிருந்த ‘பிரெட்’ என்ற பெயரையே வைத்துக்கொண்டார்!

1961-இல் லண்டன் மேடையில் ஹாம்லெட் ஆனார். 1964-இல் ‘மை ஃபேர் லேடி’ படத்தில் நடித்தார். பிறகு லாரன்ஸ் ஒலிவியர் தலைமையிலிருந்த தேசிய நாடக மன்றத்தில் சேர்ந்தார். 1980-இல் அமெரிக்க மேடையில் அவர் ஏற்றது ஹோம்ஸ் வேடமல்ல, டாக்டர் வாட்சன் வேடம்!

கிரனாடா தொலைக்காட்சி 1984-இல் தொடங்கிய தொடரில் ஹோம்ஸ் ஆனார். மூலக் கதையிலிருந்து விலகக் கூடாது என்பதில் பிடிவாதம் காட்டினார். ஆனால் ஒரு விலகலுக்கு அவரே காரணம். குழந்தைகளும் தொடரைப் பார்க்கிறார்கள் என்று அறிந்ததும், ஆசிரியர் கோனன் டாயிலின் மகளிடம் அனுமதி பெற்று, ஹோம்ஸ் போதை ஊசியை மணலில் புதைத்துவிடும் காட்சியைச் சேர்க்கச் செய்தார்.

1985-இல் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயால் இறந்தார். பிரெட்டை மனநோய் வாட்டியது. அதற்கான மருந்தால் உடல் பருத்தது. இளமையில் வந்த காய்ச்சலால் பழுதாகியிருந்த இதயமும் தளர்ந்தது. கடைசி ஆண்டில் ஒரு பகுதியின்போது அவர் மருத்துவமனையில் இருக்க நேர்ந்ததால், ஹோம்ஸின் அண்ணன் துப்பறிவதாகக் கதையையே மாற்றினார்கள். அப்படியும் 1994-க்குள் 41 பகுதிகள் முடிந்தன. மனநோயை வெளியில் சொல்லக் கூசிய காலத்தில், தம் நோயைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். 1995 செப்டம்பர் 12 அன்று, 61-ஆம் வயதில் காலமானார்.

பேச்சு திக்குகிறதே என்று நம் சங்க மேடையில் ஏறத் தயங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தினமும் நாக்கைப் பழக்கிய இந்த நடிகரின் கதையைச் சொல்லுங்கள். அப்படியே அவருடைய ஹோம்ஸ் தொடரில் ஒரு பகுதியையும் போட்டுக் காட்டுங்கள்.