மீண்டும் மீண்டும் எரியும் எஞ்சின் விளக்கு: சென்சரை வாங்குமுன் கம்பியைப் பாருங்கள்

காணி பூமியை விட்டு வந்த இடத்தில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு, நாலைந்து பேர் காசு சேர்த்து வாங்கிய பழைய வானோ சிறிய லொறியோ பெரிய துணை. விடியற்காலையில் மரக்கறி சந்தைக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை கைநழுவிவிடும். ஆகவே வாகனத்தில் வரும் சிறு பழுதும் வீட்டுச் செலவில் கைவைக்கிறது.

இத்தகைய வாகனங்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று உண்டு. முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியும். கராஜில் ஸ்கானர் பூட்டிப் பார்த்து ஒரு சென்சரை மாற்றுவார்கள். விளக்கு அணையும். இரண்டு கிழமையில் திரும்பவும் எரியும். மறுபடியும் ஒரு சென்சர், மறுபடியும் செலவு.

ஸ்கானர் காட்டும் இலக்கம் பழுதான பாகத்தின் பெயர் அல்ல. எந்தப் பாதையால் வரும் செய்தி பிழையாக இருக்கிறது என்பதையே அது சொல்கிறது. அந்தப் பாதையில் சென்சர், பிளக், கம்பி, எர்த் யாவும் அடங்கும். கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் குளம் வற்றிவிட்டது என்று நாம் உடனே முடிவுகட்டுவதில்லை. வாய்க்கால் நெடுக நடந்து பார்க்கிறோம். வாகனத்திலும் அப்படியே செய்யவேண்டும்.

சூடு காட்டும் சென்சர்

உதாரணமாக, பெற்றோல் எஞ்சினில் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சரை எடுத்துக்கொள்வோம். சூடு கூடக்கூட இதன் மின்தடை குறையும். கணினி இதற்கு 5 வோல்ற் அனுப்பி, திரும்பும் அளவைக் கொண்டு சூட்டை அறிந்து, எவ்வளவு பெற்றோல் விடவேண்டும் என்று தீர்மானிக்கிறது.

கம்பி அறுந்தால் அல்லது பிளக் கழன்றால் மின்தடை எல்லையின்றிக் கூடிவிடும். கணினி அதை மைனஸ் 40 பாகைக் குளிர் என்று எண்ணும். நுவரெலியாவிலும் காணாத குளிர் அது! அப்போது பதிவாகும் இலக்கம் பி 0118. இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முட்டினால் கடும் சூடு என்று எண்ணும். இலக்கம் பி 0117. இந்த முறை வருவதற்கு முந்திய பல ரொயோற்றா வாகனங்களில் விளக்கு விட்டுவிட்டு மின்னி 22 என்ற இலக்கத்தைக் காட்டும்.

பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்து மின்தடை சிறிது மட்டும் கூடினால் விளக்கு எரியாமலே இருக்கலாம். ஆனால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி எண்ணிப் பெற்றோலைக் கூடுதலாக விடும். கறுப்புப் புகையும், ஏறிக்கொண்டே போகும் எண்ணெய்ச் செலவும் இதன் அடையாளங்கள்.

ஒழுங்காகப் பார்க்கும் முறை

1. இலக்கத்தை அழிக்குமுன் கொப்பியில் எழுதுங்கள். பழுது வந்த நேரம், மழையா வெயிலா, குண்டும் குழியுமான வீதியா என்பதையும் குறியுங்கள். பற்றரிக் கம்பியைக் கழற்றினால் பல வாகனங்களில் விளக்கு அணையும், பழுது போகாது.

2. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், காலையில் ஸ்ராட் செய்யுமுன் ஸ்கானரைப் பூட்டுங்கள். தண்ணீரின் சூடும் உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று 28 என்றும் மற்றது 5 என்றும் காட்டினால் பிழை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

3. எஞ்சின் ஓடும்போது அந்தக் கம்பியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். விசிறியிலும் பெல்ற்றிலும் கை படாமல் கவனம் தேவை. ஸ்கானரில் எண் திடீரெனப் பாய்ந்தால் பழுது கம்பியில் அல்லது பிளக்கில். எலி கடித்த இடம், புகைக்குழாயில் பட்டு உருகிய இடம், முன்பு யாரோ முறுக்கி ரேப் சுற்றிய இடம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

4. திறப்பை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். பின் திறப்பைப் போட்டால் மைனஸ் 40 காட்டவேண்டும். பிளக்கின் இரு கம்பிகளையும் சிறு கம்பியொன்றால் இணைத்தால் எண் உச்சத்துக்கு ஏறவேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் கம்பியும் கணினியும் நல்லவை. எண் அசையாவிட்டால் புதுச் சென்சர் வாங்கிப் பயனில்லை. இரண்டு கம்பி மட்டும் உள்ள இந்தச் சென்சருக்கே இச்சோதனை பொருந்தும். பழகிய மெக்கானிக்கைக் கொண்டு செய்விப்பது நல்லது.

5. எஞ்சின் நன்றாக ஆறியபின் சென்சரைக் கழற்றி மல்ரிமீற்றரால் அளவுங்கள். பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் 20 பாகையில் 2000 தொடக்கம் 3000 ஓம் வரையும், 80 பாகைச் சுடுநீரில் 200 தொடக்கம் 400 ஓம் வரையும் காட்டும். நீர் சூடேறும்போது அளவு சீராக இறங்கவேண்டும். நடுவில் துள்ளினால் அப்போது சென்சரை மாற்றுங்கள்.

கவனிக்கத் தவறும் இரண்டு

பல பழைய வாகனங்களில் சூடு காட்டும் பாகங்கள் இரண்டு உண்டு. முகப்பிலுள்ள முள்ளுக்கு ஒன்று. அதற்குப் பெரும்பாலும் ஒரே கம்பி. கணினிக்கு மற்றொன்று, அதற்கு இரண்டு கம்பி. முள்ளுக்குரியதை மாற்றிவிட்டுக் கணினியின் பழுது தீரும் என்று காத்திருப்பது வீண்.

அடுத்தது, வெப்ப நாடுதானே என்று தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியும் வழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையப் பிந்தும். சில வாகனங்களில் இதனால் பி 0128 என்ற இலக்கம் வரும். சென்சர் உண்மையையே சொல்கிறது; தண்டனையும் அதற்கே கிடைக்கிறது. ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்து சென்சர் காற்றில் நின்றாலும் அளவு பிழைக்கும்.

திருத்திய பின்னும், வாங்கும் முன்னும்

களிம்பு பிடித்த கம்பியை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். வெறுமனே முறுக்கிச் சுற்றிய இணைப்பு மழைக்காலம் வரைதான் தாங்கும். இலக்கத்தை அழித்தபின் சில நாள் குளிரிலிருந்து சூடு வரை ஓட்டிப் பார்த்தே திருத்தம் முடிந்தது என்று கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய வாகனம் வாங்குவோர், எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் திறப்பை மட்டும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரியவேண்டும். ஸ்ராட் ஆனதும் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கக்கூடும். காசைக் கொடுக்குமுன் விசாரியுங்கள்.

கூட்டாக வாகனம் வைத்திருப்போர் வண்டிக்குள்ளே ஒரு கொப்பி வைத்திருங்கள். இலக்கம், திகதி, செய்த வேலை, கொடுத்த காசு ஆகியவற்றை யார் ஓட்டினாலும் எழுதவேண்டும். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியை மெக்கானிக்கிடம் முதலில் நீட்டுங்கள். ஒரே சென்சருக்கு இருமுறை காசு கொடுப்பதை அது தடுக்கும்.