ஓசூர் சாலையில் இருக்கும் சிகிச்சை

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பதே ஓசூர் சாலையில்தான். இணையத்திலும் ஆன்லைன் விளையாட்டிலும் சிக்கி மீள முடியாதவர்களுக்காக 2014-ல் அங்கே ‘ஷட்’ என்ற தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. உளவியலாளர் மனோஜ் குமார் சர்மா அதை நடத்திவருகிறார். ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்; அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் நேர்ச்சாலை. ஆனால், இந்தச் சிகிச்சை ஒரு நாளில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிற வகையைச் சேர்ந்ததல்ல. பல வாரம் தொடர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியது. பெற்றோரும் உடன் வர வேண்டியது. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டிய, சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த 40 கிலோமீட்டர் மிக நீளமானது. அதனால்தான் இந்தச் சிகிச்சை ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளுக்குள்ளேயே வர வேண்டும் என்கிறேன்.

முதலில், எது நோய்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இவற்றில் ‘விளையாட்டுக் கோளாறு’ மட்டுமே இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கெடுதல் தெரிந்தும் விளையாட்டு தொடர வேண்டும். அதுவும் பொதுவாக 12 மாதம் நீடிக்க வேண்டும். மே மாத விடுமுறையில் நாள் முழுக்க ஃப்ரீ ஃபயர் ஆடும் பையனை நோயாளி என்று முத்திரை குத்துவது அநியாயம். ஆனால் பெயர் வைக்கும் அளவுக்கு முற்றும்வரை காத்திருப்பதும் தவறு. தூக்கமும் படிப்பும் அதற்கு வெகு முன்பே கெட்டுவிடுகின்றன.

சிகிச்சையில் என்ன நடக்கிறது? கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998-ல் இணைய அடிமைத்தனத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். பின்னர், எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை முறையை இதற்கென்றே வடிவமைத்தார். ‘எத்தனை மணி நேரம் பார்க்கிறாய்?’ என்பது இதில் முக்கியமான கேள்வியல்ல. போனை எடுப்பதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது, எடுத்த பிறகு எது தணிந்தது என்பதை மாணவனையே எழுதிவரச் சொல்கிறார்கள். கணக்குப் பாடத்தின் பயம், வகுப்பில் பட்ட அவமானம், ஆளில்லாத வீட்டின் மாலைப்பொழுது என்று அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிவரும். ‘கேமில் மட்டும்தான் எனக்கு மதிப்பு’ என்ற எண்ணத்தை அவனோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வேறு எதைச் செய்யலாம் என்று தேடுகிறார்கள். போனே கூடாது என்பது இலக்கல்ல. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் அது நடக்கவும் நடக்காது.

இது பலிக்குமா? ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 143 ஆண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், 15 குழு அமர்வுகளும் 8 வரையிலான தனி அமர்வுகளும் பெற்றவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் மீண்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 24 சதவீதம்தான். அவர்கள் பெரும்பாலும் வயது வந்தவர்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. 2022-ல் வெளியான மற்றொரு ஜெர்மன் ஆய்வு பள்ளி மாணவர்களைப் பற்றியது. பாதிப்பு ஏற்படக்கூடிய நிலையில் இருந்த 422 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பள்ளியிலேயே நான்கு அமர்வுகள். ஓராண்டில் மற்றவர்களைவிட அவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன; புதிதாக நோய் நிலைக்குப் போனவர்களின் விகிதத்தில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்தல்ல இது. ஆனால் நான்கே அமர்வில் இவ்வளவு கிடைக்கும் என்றால் அதைத் தள்ளிவிட முடியாது.

“போனைப் பிடுங்கினால் போதாதா?” என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ஆன்லைனில் விளையாடக் கூடாது என்று 2011-ல் அங்கே சட்டம் வந்தது; பத்தாண்டு கழித்து 2021-ல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். சீனா 2019-ல் விதித்த நேரக் கட்டுப்பாட்டால் மிகையான விளையாட்டு குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. வீட்டில் விதி வேண்டாம் என்பதல்ல. இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது சிகிச்சையிலும் உண்டு. பிள்ளையும் சேர்ந்து வகுத்த விதிதான் நிற்கும்.

இங்கேதான் ஓசூரின் தனிச் சிக்கல் வருகிறது. பத்து மணிக்குப் போனை வைக்கும் விதிக்குப் பத்து மணிக்கு வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும். அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா செகண்ட் ஷிஃப்ட், அடுத்த வாரம் தலைகீழ் என்றால், ஒரே விதி இரண்டு வாரம் தாங்காது. ஆலோசகர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது ஷிஃப்ட் அட்டவணையை. அதை ஒட்டித்தான் வீட்டு விதியும் பெற்றோர் அமர்வும் அமைய முடியும்.

யார் செய்வது? ஆசிரியர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. மனநலச் சிகிச்சையை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுபோக முடியும் என்று 1980-களிலேயே பெல்லாரி மாவட்டத்தில் காட்டியது இதே நிம்ஹான்ஸ்தான். 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் அதிலிருந்து பிறந்தது. ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர் சில பள்ளிகளுக்கு முறைவைத்துச் சென்று, பள்ளி நேரத்திலேயே குழு அமர்வு நடத்தலாம். மனச்சோர்வோ கவனக்குறைபாடோ உள்ள பிள்ளைகளை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். அவசரத்துக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் உண்டு. ஆள் தேர்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகலூர், தளி பக்கத்தில் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள், பள்ளியில் தமிழ். மனதில் ஓடும் எண்ணத்தை அப்படியே எடுத்துப் பேசுவதுதான் இந்தச் சிகிச்சை. வருகிறவருக்குத் தமிழோடு அந்த மொழிகளில் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதை நியமன விதியிலேயே எழுத வேண்டும்.