உஷார்! மாத வாடகைக்கு கேமிங் கம்ப்யூட்டரா?

‘முன்பணம் பெரிதாக வேண்டாம், மாதம் ஆறாயிரம் கட்டினால் கேமிங் பிசி வீட்டுக்கே வரும்’ என்று யாராவது ஆசை காட்டினால், கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

வரியெல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் விலையுள்ள ஒரு கணினி என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 6,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 7,080. பதினெட்டு மாதத்தில் 1,27,440 ரூபாய் போயிருக்கும். கணினியின் விலையையே தாண்டிவிட்டது, ஆனாலும் அது உங்களுடையதில்லை. திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அதே கணினியை 15 சதவீத வட்டிக்குக் கடன் போட்டு வாங்கினால்கூட, பதினெட்டு மாதத் தவணை ஏறத்தாழ 6,860 ரூபாய்தான். மாதாமாதம் வாடகையைவிடக் குறைவு. கடைசித் தவணையோடு கணினி உங்களுக்கே சொந்தம்.

இந்த வலையில் விழுவதற்கு இப்போது ஆட்கள் அதிகம், அதுதான் கவலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 இறுதியில் ராம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் ‘குருஷியல்’ நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அசெம்பிள் செய்ய விலை கேட்டு மலைத்துப்போன மாணவனுக்கு வாடகை விளம்பரம் வரமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். என்இசட்எக்ஸ்டி என்ற பெயர்பெற்ற நிறுவனம் 2024-ல் ‘ஃப்ளெக்ஸ்’ என்ற வாடகைத் திட்டத்தை நடத்தியது. உயர்ந்த திட்டத்துக்கு மாதம் 169 டாலர்; இரண்டு ஆண்டு கட்டினால் 4,056 டாலர். அந்த ஆண்டின் இறுதியில் ‘கேமர்ஸ் நெக்சஸ்’ யூடியூப் சேனல் அதைத் துருவி ஆராய்ந்து ஒரு காணொளி வெளியிட்டது. விற்பனைக்கும் வாடகைக்கும் ஒரே மாடல் பெயர், ஆனால் வாடகைப் பெட்டிக்குள் இருந்தவை தரம் குறைந்த பாகங்கள் என்பது அதில் அம்பலமானது. நிறுவனத்தின் தலைவரே தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அவ்வளவு பெரிய சந்தையிலேயே இந்தக் கதி என்றால், நம் ஊரில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பட்டியலை நம்பிப் பணம் அனுப்பலாமா?

பெயரில்தான் ஏமாற்று அதிகம் நடக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. லேப்டாப்பில் வரும் 4090-ல் 16 ஜிபி. டெஸ்க்டாப் 4090-ல் 24 ஜிபி. ‘ஐ7, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் கார்டு’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிராசஸரின் முழு எண், கார்டின் மெமரி, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், பாகங்கள் புதியவையா பழையவையா, எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது.

ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளையும் விடாதீர்கள். குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், நடுவில் திருப்பினால் அபராதம் எவ்வளவு, கார்டு தானாகவே பழுதானால் யார் பொறுப்பு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்? வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் போட்டுக் கொடுத்தால், பணமில்லாத மாதம் வங்கியும் தன் பங்குக்கு அபராதம் பிடிக்கும். ஆதார் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, டிரைவை முழுமையாக அழித்த பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். உங்கள் கடவுச்சொல்லும் குடும்பப் படங்களும் அடுத்த வாடகைக்காரர் கையில் சிக்கக் கூடாது.

சொந்தக் கணினியின் பெரிய லாபம் வேறு. 2017-ல் ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே போர்டில் பொருத்தி விளையாடினார்கள். கேபினெட், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் பல ஆண்டு உழைக்கும். கைக்குப் பணம் வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், பழையதை விற்கலாம். வாடகைப் பெட்டியில் கைவைக்க உங்களுக்கு உரிமையே கிடையாது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றாலும் உடனே தலையாட்ட வேண்டாம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை, வட்டி வேறு கட்டணமாக ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்க விலை என்ன, மொத்தத் தவணை என்ன என்று இரண்டையும் கேளுங்கள்.

இரண்டு நாள் போட்டிக்கோ ஒரு வார எடிட்டிங் வேலைக்கோ வாடகை சரிதான். ஆறு மாதத்துக்கு மேல் தேவை என்றால் வாடகை பக்கமே போகாதீர்கள். எளிய கணினியாக இருந்தாலும் சொந்தமாக வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ இன்றே அழையுங்கள்.