நனைந்த ஹார்ட் டிஸ்க், பரணில் தூங்கும் பழைய சிபியு... ‘ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?’

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை தாண்டியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 8 ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதே பகுதிகளில் மறுபடியும் தண்ணீர்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை எல்லாம் போனால் போகட்டும், கடன் வாங்கியாவது மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்த்தட்டில், தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் இருக்கும் சிபியு? அப்பாவின் 60-ம் கல்யாண போட்டோ, அண்ணன் காலேஜ் புராஜெக்ட், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி என எல்லாம் அதற்குள்தான் இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவதும் அதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், தண்ணீர் பட்டவுடன் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் தகவல் அழிந்துவிடாது. வெள்ளம் வடிந்ததும் ‘வேலை செய்யுதான்னு பார்ப்போமே’ என்று போடும் ஸ்விட்ச்தான் பல நேரம் அதை அழிக்கிறது. பல வருஷம் பரணில் கிடந்த பழைய டிஸ்க்குக்கும் இது பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. தகவல் அந்தத் தட்டின் மேல் காந்தப் பதிவாக இருக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளில் இந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதைப் படிக்கும் ‘ஹெட்’ தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டே போகும். ஒரு தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது புரியும்.

டிஸ்க்கின் மூடியில் ‘இந்த ஓட்டையை அடைக்காதீர்’ என்று எழுதிய ஒரு சின்னத் துளி ஓட்டையைப் பார்த்திருக்கலாம். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான வழி அது. ஹீலியம் நிரப்பி முழுமையாக மூடப்பட்ட சில புதிய டிஸ்க்குகளைத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. முழுக்க மூழ்கினால் இதன் வழியாகத்தான் தண்ணீரும் சேறும் உள்ளே போகும். தட்டின் மேல் காய்ந்த ஒரு சேற்றுத் துகள், மிதக்கும் ஹெட்டுக்கு நடுரோட்டில் கிடக்கும் பாறை மாதிரி. ஸ்விட்ச் போட்டால் ஹெட் அதில் மோதும், தட்டில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் இருந்த போட்டோவை எந்த லேபும் திருப்பித் தர முடியாது.

வானத்திலிருந்து விழுந்தும் பிழைத்த டிஸ்க்

2003 பிப்ரவரி 1-ம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அதில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கருவியின் ஹார்ட் டிஸ்க் சில மாதங்கள் கழித்து, வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் கிடைத்தது. பிளாஸ்டிக் பாகங்கள் உருகியிருந்தன, உள்ளே தூசி புகுந்திருந்தது. ஆனாலும் கிரோல் ஆன்ட்ராக் என்ற நிறுவனத்தின் வல்லுநர்கள் தட்டுகளை எடுத்துச் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்க்கின் பாகங்களோடு பொருத்தி, கிட்டத்தட்ட 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். அதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2008-ல் வெளியானது.

அந்த டிஸ்க் பிழைத்ததற்கு முக்கியக் காரணம், தகவல் இருந்த தட்டுப் பகுதி கெடாமல் இருந்ததுதான். சேதமான பழைய பாகங்களோடு அதை யாரும் அப்படியே ஓட்டிப் பார்க்கவில்லை.

சரி, நனைஞ்சுடுச்சு. இப்ப என்ன செய்யணும்?

முதலில் உயிர், அப்புறம்தான் டிஸ்க். மெயின் ஸ்விட்சை அணைக்காமல், தண்ணீரில் நிற்கும் சிபியுவைத் தொடவே கூடாது. மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகு, சிபியுவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுக்கலாம். நான்கு ஸ்க்ரூவும் இரண்டு கேபிளும்தான்.

டிஸ்க் மூழ்கியிருந்தால் அதை உலர்த்தாதீர்கள். கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் தகவல் மீட்பு நிறுவனங்கள் சொல்லும் வழி இதுதான். தானாகக் காய்ந்தால் வெள்ள நீரில் இருக்கும் உப்பும் சேறும் தட்டின் மேல் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்று புகாமல் மூடி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் லேபுக்குக் கொண்டு போவது நல்லது.

செய்யவே கூடாதவை சில உண்டு. அரிசி மூட்டைக்குள் புதைப்பது வேண்டாம், அரிசித் தூசிதான் கூடுதலாகச் சேரும். ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் இரண்டும் வேண்டாம். ஃபிரீசரில் வைக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம், வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ‘மூடியைத் திறந்து துடைச்சா போதும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டுக் காற்றில் இருக்கும் தூசியே அந்தத் தட்டுக்குப் போதுமான எதிரி.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றில் சுற்றும் பாகம் இல்லை. அவை நனைந்தாலும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் முழுக்கக் காய்வதற்கு முன் செருகினால் ஷார்ட் ஆகிவிடும். சிடி, டிவிடியை நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் ஒற்றித் துடைக்கலாம். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் படிப்பதைக் கெடுக்கும்.

நனையல, ஆனா வேலை செய்யல. காது கொடுத்துக் கேளுங்க!

பரணிலிருந்து இறக்கிய பழைய டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்ததும் வரும் சத்தமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

‘டக்... டக்... டக்...’ என்று சீராகக் கேட்டால், ஹெட் தட்டைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். உடனே கேபிளைப் பிடுங்குங்கள். ‘இன்னொரு தடவை’ என்று முயன்றால் சேதம் கூடும்.

மெல்லிய ‘பீப்’ அல்லது முனகல் மட்டும் கேட்டு, சுற்றவில்லை என்றால், மோட்டார் சிக்கியிருக்கலாம் அல்லது ஹெட் தட்டோடு ஒட்டியிருக்கலாம். தட்டிப் பார்க்காமல் லேபுக்குக் கொண்டு போவதே வழி.

சத்தமே இல்லை என்றால் பயப்படும் முன் எளிய காரணங்களைப் பாருங்கள். கேபிளை மாற்றுங்கள், வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். டெஸ்க்டாப்பில் இருந்த 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை. யூஎஸ்பி கேபிள் மட்டும் போதாது, தனி அடாப்டர் வேண்டும். 2000-களின் முதல் பாதியில் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் பட்டையான கேபிளோடு, 40 ஊசிகள் கொண்ட ஐடிஇ வகையாக இருக்கலாம். ஐடிஇ, சாட்டா இரண்டையும் யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஐடிஇ டிஸ்க்கின் பின்னால் இருக்கும் ஜம்பர் என்ற சின்னத் துண்டு ‘மாஸ்டர்’ நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தவறான இடத்தில் இருந்தால் நல்ல டிஸ்க்கும் செத்தது போலவே தெரியும்.

பழைய கம்ப்யூட்டரையே ஆன் செய்கிறீர்கள், தேதி தப்பாகக் காட்டுகிறது, டிஸ்க் தெரியவில்லை என்றால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, பயாஸ் செட்டிங் மறந்துபோயிருக்கலாம். புது பேட்டரி போட்டு, பயாஸ் செட்டிங்கைச் சரிபார்த்தால் சில நேரம் முழுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பல நேரம் கெடுவது டிஸ்க் அல்ல, அதன் பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்டு. டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாகச் செருகினால் வேலை செய்யலாம். ஆனால் சில மாடல்களில் அந்த போர்டுதான் தகவலைப் பூட்டி வைக்கிறது, சிலவற்றில் யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கிறது. எனவே கழற்றிய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால்...

டிஸ்க் ஒழுங்காகச் சுற்றுகிறது, கம்ப்யூட்டரும் கண்டுகொள்கிறது, ஆனால் ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்கிறது. ‘கேன்சல்’ கொடுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கெட்டிருக்கலாம், கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், டிஸ்க் தானே எழுதி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைக் காட்டும். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் ஆகிய எண்கள் ஏறியிருந்தால் டிஸ்க் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

அப்போது ரிப்பேர் செய்யும் கட்டளைகளை ஓட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. செக் டிஸ்க் கட்டளை பழைய டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும், இருப்பதையும் கலைக்கலாம். முதலில் முழு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உருவானது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில் திரும்பும். பிறகு டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோ ரெக் போன்ற இலவச கருவிகளை அந்த நகலின் மேல் ஓட்டலாம். மீட்ட கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே சேமிக்கக் கூடாது.

கோப்பு கிடைச்சுது, தமிழ் எங்கே?

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். பழைய டிடிபி கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ‘ஃபைல் கரப்ட்’ என்று பலர் அழித்துவிடுகிறார்கள். உண்மையில் கோப்பு நன்றாகவே இருக்கும்.

யுனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் குறியீடுகள் வந்தன. டிஸ்கி, பாமினி எனத் தனி வகைகளும் புழக்கத்தில் இருந்தன. 2010-ல்தான் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்த தாத்தாவின் கட்டுரையோ, குடும்ப மலரோ சரியாகத் தெரிய, அந்தப் பழைய ஃபான்ட் தேவை.

அதனால் பழைய டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரோடு நிறுத்தாமல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

லேபில் என்ன கேட்கணும்?

உள்ளே திறக்க வேண்டிய டிஸ்க் என்றால் தூசி வடிகட்டிய ‘கிளீன் ரூம்’ இருக்கிறதா என்று கேளுங்கள். திறப்பதற்கு முன் உங்கள் அனுமதி கேட்பார்களா, தகவல் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, அசல் டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘அதே மாடல் போர்டை மாத்தினா ஓடிடும்’ என்பது மிகப் பழைய டிஸ்க்குகளுக்குச் சரி. அதற்குப் பின் வந்தவற்றில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியான அளவுகள் போர்டில் உள்ள சிப்பில் இருக்கும், அதையும் மாற்றினால்தான் பலன். விண்டோஸ் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் ரெக்கவரி கீயைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் மீட்ட தகவலும் வெறும் குப்பைதான்.

செத்த டிஸ்க்கைக் காயலான் கடையில் அப்படியே போடுவதும் ஆபத்து. உங்களால் படிக்க முடியாத ஆதார், பான் நகலை வேறு யாராவது படித்துவிடலாம். தட்டு வரை துளை போட்ட பிறகு, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுப்பதே சரி.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தகவல் பாதுகாப்பில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 3 நகல்கள், 2 வகைச் சாதனங்கள், அதில் 1 நகல் வேறு இடத்தில். முடிச்சூரில் தரைத்தள வீடு என்றால், அந்த ‘வேறு இடம்’ என்பது கிளவுடாகவோ, மேட்டுப் பகுதியில் இருக்கும் அக்கா வீடாகவோ இருக்கட்டும். பக்கத்துத் தெரு வேண்டாம், அங்கேயும் அதே தண்ணீர்தான் வரும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். சிபியுவை டேபிளுக்கு மேலே ஏற்றலாம், பரணில் இருக்கும் டிஸ்க்கை இறக்கி நகல் எடுக்கலாம், எடுத்த நகல் திறக்கிறதா என்று நாலு போட்டோவைப் பார்த்து உறுதி செய்யலாம். புதிதாக ஒரு டிஸ்க் வாங்கும் செலவு, லேபில் தகவல் மீட்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான்.