ஏசி துவாரத்தில் வெண்புகை

சென்னையில் மழை விட்ட ஒரு மாலை. காரில் ஏறி ஏசியை முழு வேகத்தில் வைத்ததும் டேஷ்போர்டுத் துவாரங்களிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிகிறது. கேஸ் கசிகிறதோ, வயர் கருகுகிறதோ என்ற பதற்றம் வருவது இயல்புதான். ஆனால் அது பெரும்பாலும் வெறும் தண்ணீர். ஏசி நன்றாகக் குளிர்விக்கிறது என்பதற்கு அடையாளம் என்றுகூடச் சொல்லலாம். வெண்மையை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. எப்போது வந்து எப்போது நிற்கிறது, என்ன வாசனை அடிக்கிறது, கண்ணாடியில் என்ன படிகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஐஸ்கிரீம் வண்டிக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்ததும் விளிம்பில் புகை தவழுமே, அதே கதைதான் இங்கும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24.3 கிராம் நீராவி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். துவாரத்திலிருந்து 6 டிகிரியில் வரும் காற்றிலோ 7.3 கிராம்தான். இரண்டும் சரிபாதி கலந்தால் வெப்பம் 18 டிகிரி, நீராவி ஏறக்குறைய 15.8 கிராம். அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடியது 15.4 கிராம். மிஞ்சும் அரை கிராமுக்கும் குறைவான நீர்தான் நுண்துளிகளாகி மூடுபனியாகத் தெரிகிறது. விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலிருந்து புகை இறங்குவதைப் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான் பதில்.

அப்படியானால் தினமும் ஏன் வருவதில்லை, பக்கத்து வீட்டுக் காரில் ஏன் இல்லை என்று கேட்கலாம். காற்று உலர்ந்திருந்தால் கணக்கு மாறிவிடும். மிஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. வெளிக்காற்றை அடைத்து, உள்ளே இருப்பதையே சுழலவிட்டால் ஏசி கொஞ்ச நேரத்தில் அதை உலர்த்திவிடும், புகையும் மறையும். மறையாவிட்டால் கூலிங் காயிலிலிருந்து சொட்டும் நீர் வெளியேறும் குழாயைப் பார்க்க வேண்டும். குழாய் அடைத்திருந்தால் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சளசளக்கும், கால்மிதி நனையும். சுத்தம் செய்தால் போதும்.

பயப்பட வேண்டிய இடங்களும் உண்டு. ஏசி பட்டனை அணைத்து, ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். தண்ணீர்ப் புகையென்றால் காயில் குளிர் விட்டதும் நின்றுவிடும். நிற்காமல் பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தால் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து இறங்கிவிட வேண்டும். அங்கே ஆராய்ச்சி வேண்டாம். இன்னொன்று ஹீட்டர் கசிவு. இன்ஜினின் சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர் ஒன்று டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அது ஒழுகினால் புகையில் தித்திப்பான வாசனை இருக்கும். வெப்பத் திருகைச் சூட்டுப் பக்கம் திருப்பினால் கூடும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று எண்ணெய்போல இழுபடும். பனி படிந்த கண்ணாடியோ துடைத்ததும் சுத்தமாகிவிடும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள் என்பதால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, தாமதிக்காமல் பழுது பார்க்க வேண்டும்.

"கேஸ் கம்மி, நிரப்பணும்" என்ற மெக்கானிக்கின் தீர்ப்பையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கார்களில் பரவலாக உள்ள ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் நிறமற்றது. மெல்லக் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மெக்கானிக் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதி உறைநிலைக்குக் கீழே போய் ஐஸ் கட்டலாம். அப்போது வெண்மையைவிடக் காற்று வலுவிழப்பதுதான் முக்கிய அறிகுறி. சிறிது நேரம் அணைத்து வைத்தால் வண்டிக்கு அடியில் நிறையத் தண்ணீர் கொட்டும், காற்றும் பழையபடி வரும். அடைத்துப்போன கேபின் ஃபில்டரும், பழுதான வெப்ப சென்சாரும் இதே வேலையைச் செய்யும் என்பதால் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பிறகும் கேஸில் சந்தேகம் இருந்தால், இருப்பதை மெஷினில் வெளியே எடுத்து எடை போடச் சொல்லலாம். எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும்.