இலவசக் கச்சேரியின் விலை

கோவளத்திலிருந்து மயிலாப்பூர் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கிறது. சென்ற மார்கழியில், பிற்பகல் இரண்டு மணிக் கச்சேரி ஒன்றைக் கேட்பதற்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினேன். பாடியவர் இளம் கலைஞர், அனுமதி இலவசம். சில நூறு பேர் அமரக்கூடிய அரங்கில் முப்பது பேர் இருந்திருப்போம். பெரும்பாலோர் என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள். இரண்டு மணி நேர இசையைக் கேட்டு வீடு திரும்பியபோது ஏறத்தாழ ஏழு மணி நேரம் செலவாகியிருந்தது.

இலவசமாக அளித்தாலும் வருவதற்கு ஆளில்லை, ரசனை மங்கிவிட்டது என்று சபா வாசலில் ஒருவர் வருந்தினார். பொருளியல் கற்பித்தவனால் அதை அப்படியே ஏற்க இயலவில்லை. நுழைவுக் கட்டணம் இல்லையென்பதால் விலையே இல்லை என்று ஆகிவிடாது. பேருந்துச் செலவும், சாலையில் கழியும் நேரமும், விட்டுக்கொடுக்கும் அரைநாள் ஊதியமும் சேர்ந்ததே கேட்பவர் தரும் விலை. வாய்ப்புச் செலவு என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தான். வேலை நாளின் பிற்பகலில் அந்த விலையைத் தரக்கூடியவர்கள் ஓய்வூதியர்கள் மட்டுமே.

ஒலிப்பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது இந்த விலையைத் தந்து நேரில் சென்று கேட்பானேன் என்ற கேள்வி நியாயமானது. கர்நாடக இசையில் கீர்த்தனை முன்பே இயற்றப்பட்டது. ஆனால் ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் ஆகியவை மேடையில் அந்தக் கணத்தில் பிறப்பவை. பாடகர் ஒரு சொற்றொடரைப் பாடியதும் வயலின் கலைஞர் அதை எப்படித் தொடர்வார் என்பது இருவருக்குமே முன்கூட்டித் தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக் கலைஞர் கட்டும் கணக்கு சமத்தில் வந்து விழும்போது, தொடையில் தாளம் போட்டுவந்த முன்வரிசைக்காரர் நிமிர்ந்து உட்காருகிறார். அதைக் கலைஞரும் காண்கிறார். அடுத்த சுற்றில் அவர் துணிவதும் தயங்குவதும் ஓரளவு அந்த முகத்தைப் பொறுத்தது. கேட்பவர் இங்கே வெறும் நுகர்வோர் அல்லர். அந்த மாலையின் இசையை ஆக்குவதில் அவருக்கும் பங்கு உண்டு. முப்பது பேர் மட்டுமே அமர்ந்திருக்கும் அரங்கில் இளம் கலைஞர் இழப்பது கைதட்டலை மட்டுமன்று, தம் கலை வளர்வதற்கான களத்தையும்தான்.

புதிதாகக் கேட்க வருபவர் ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த முறையே இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. வர்ணத்தில் தொடங்கி, சிறு கீர்த்தனைகள் வழியே விரிவான ஓர் உருப்படியை அடைந்து, பிறகு எளிய துக்கடாக்களுக்கு இறங்கி, மங்களத்தில் முடியும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போடக் கற்றுக்கொண்டால் பாதி வாசல் திறந்துவிடும்.

இந்தக் கலையின் செலவுக் கணக்கும் தனித்தன்மை உடையது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் உண்மையைச் சுட்டினர். ஆலையில் இயந்திரத்தால் உற்பத்தித்திறன் உயர்கிறது. நிகழ்த்துகலையில் அவ்வாறு உயர்வதில்லை. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். நம் மேடைகள் பலவற்றில் தம்பூராக் கலைஞரின் இடத்தை மின்னணுக் கருவி பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் சிக்கனத்துக்காக எட்டு எண்ணிக்கையை ஆறாகக் குறைக்க முடியாது. ஆகவே கச்சேரியை மலிவாக்குவதற்கு வழி அதிகமில்லை. கேட்பவரின் பயணச் செலவைத்தான் குறைக்க முடியும்.

அங்கேதான் நாம் தவறியிருக்கிறோம். மியூசிக் அகாதெமி 1928இல் தொடங்கப்பட்ட காலத்து நகரம் வேறு. இன்று மாநகரம் தெற்கே பரந்து, தாம்பரம் தனி மாநகராட்சியாகியே சில ஆண்டுகள் கடந்துவிட்டன. நங்கநல்லூர், குரோம்பேட்டை போன்ற இடங்களில் கச்சேரிகள் நடக்கின்றன என்றாலும், மார்கழியின் பெருங்கூட்டம் இன்றும் மயிலாப்பூர், தியாகராய நகர் வட்டாரத்தைச் சுற்றியே அமைகிறது.

கச்சேரியை இடம் மாற்றிப் பார்த்த முன்னுதாரணம் நம்மிடம் உண்டு. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவ ஊரான ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர் மக்களோடு இணைந்து விழா ஒன்றைத் தொடங்கினர். கர்நாடக இசையோடு பிற கலைகளும் அங்கு இடம்பெற்றன. மீனவர்களுக்கு இந்த இசை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: சபாக்களுக்குச் செல்லும் ரசிகர்கள் குப்பத்துக்கு நடந்து வந்தார்கள். பயணத்தின் திசை மாறியது.

கோவளமும் மீனவ ஊர்தான். அதிகாலையில் கடலுக்குச் செல்பவரால் பிற்பகல் இரண்டு மணிக்கு மயிலாப்பூரில் இருக்க முடியாது. ஆனால் ஞாயிறு மாலையில் ஊர்ப் பள்ளியிலோ திருமண மண்டபத்திலோ ஒரு கச்சேரி நடந்தால் அவர் எட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் எழுந்து செல்லலாம். எட்டிப் பார்ப்பதற்கான விலை குறைவாக இருந்தால்தான் புதிய ரசிகர் உருவாவார்.

ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்க முடிவது மயிலாப்பூர்ச் செறிவின் பயன்; அதைக் கலைக்க வேண்டாம். ஒவ்வொரு சபாவும் தன் இலவசப் பகல் கச்சேரிகளில் இரண்டை மட்டும் தென்புறநகருக்கு அனுப்பட்டும். வாகனம், ஒலிபெருக்கி, இடம் ஆகியவற்றுக்குச் செலவு ஆகும்தான். ஆனால் நான்கு கலைஞர்கள் ஒரே வாகனத்தில் 30 கிலோமீட்டர் வருவதற்கும், இருநூறு பேர் தனித்தனியே அதே தொலைவைக் கடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட முனைவர் பட்டம் தேவையில்லை.