முள் குத்தியவருக்கும் ஊசி உண்டு



ஆண்டுதோறும் சுகாதாரக் குழுவினர் எங்கள் பள்ளிக்கு வருமுன், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். 7 வயதில் போடும் ஊசிக்குப் பெற்றோர் தரும் சம்மதம் அது. எல்லாப் படிவமும் திரும்பி வருவதில்லை. சில, புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். இவ்வாண்டு ஒரு தகப்பனாரை நேரில் கண்டு விசாரித்தேன். "குழந்தையா இருக்கும்போதே எல்லா ஊசியும் போட்டாச்சுங்களே வாத்தியாரே, இன்னும் எதுக்கு?" என்றார்.

அவர் செம்பனை வெட்டுகிறவர். காலில் ஒரு துணிக்கட்டு இருந்தது. என்ன காயம் என்றேன். "மட்டை முள்ளுங்க. மஞ்சள் வச்சுக் கட்டியிருக்கேன்." கடைசியாக ரண ஜன்னி ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "எனக்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் சிறுவனாயிருந்த பால்மரத் தோட்டத்தில், எங்கள் லயத்து மாமா ஒருவர் கால்வாய் வெட்டும்போது துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டார். சின்னக் காயந்தான், இரண்டு நாளில் மறந்தும் போனார். ஒரு வாரம் கழிந்து அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்றே வீட்டார் நினைத்தார்கள். பிறகு, கதவு படீரென்று சாத்தினாலும் உடம்பு வில்லாய் வளைந்து இறுகத் தொடங்கியது. பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். மலாய்க்காரர் இதைக் 'கஞ்சிங் கிகி' என்பார்கள். பல் பூட்டிக்கொள்ளும் நோய் என்று பொருள். டெட்டனஸ் என்பதும் இதுவே.

இந்தக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காற்றுப்படாத இடத்தில்தான் விழித்துப் பெருகும். ஆகவே பெரிய வெட்டுக் காயத்தைவிட, முள்ளும் ஆணியும் குத்திய ஆழமான சிறு துளை அதற்கு ஏற்ற இடம். அங்கே அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. நோய் தெரிய பெரும்பாலும் 3 நாள் முதல் 21 நாள் வரை ஆகலாம். துருவுக்கு இதில் பங்கில்லை. ஆணியில் ஒட்டிய மண்தான் குற்றவாளி.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தோட்டத்தில் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவரை அது காப்பாற்றாது. நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி பிறப்பதில்லை. எங்கள் மாமாவுக்குக் குணமான பிறகும் ஊசி போட்டார்கள். அன்று அது எனக்குப் புரியவில்லை.

குழந்தையில் போட்ட ஊசியின் பலம் நாளாக ஆகத் தேய்கிறது. அதனால்தான் 7 வயதிலும் 15 வயதிலும் பள்ளியில் மறுபடி போடுகிறார்கள். அதன் பிறகு 10 ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது நலம். ஆழமான, அழுக்குப் பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே மீண்டும் போட வேண்டும். ஒன்றுமே போடாதவர்களுக்கு, அல்லது நினைவில்லாதவர்களுக்கு, மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, 6 மாதத்துக்குப் பிறகு மூன்றாவது. முள் குத்தினால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் இந்த ஊசியுண்டு. தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, தொப்புள் வழியாக வரும் ஜன்னியிலிருந்து அதைக் காக்கிறது. ஆனால் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைக் கர்ப்பமாயிருக்கும்போது போடக் கூடாது. அதில் பலம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. புற்றுநோய் மருந்து உட்கொள்பவர்களும் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இனிக் குழந்தைகள். பிறந்தவுடன் காசநோய்க்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் 'பி' நோய்க்கும் ஊசி. 2, 3, 5 மாதங்களிலும் ஒன்றரை வயதிலும் ஆறு நோய்க்கு ஒரே ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம் எல்லாம் அதில் அடங்கும். நிமோனியாக் கிருமிக்கு 4, 6, 15 மாதங்களில். தட்டம்மை ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும். பெண்பிள்ளைகளுக்கு 13 வயதில் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. 2010 முதல் நம் நாட்டில் இது போடப்படுகிறது. வெட்கப்பட்டு இதற்குக் கையெழுத்துப் போடாத தாய்மாரை எனக்குத் தெரியும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தட்டம்மை, ரண ஜன்னிக்கு நேர்மாறு. இருமலில் காற்றோடு பரவும். ஆயாக் கொட்டகையில் கிடக்கும் 6 மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. சுற்றியிருக்கும் பெரிய பிள்ளைகள் போட்டிருந்தால்தான் நோய் அதை நெருங்காது. அம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும் வேப்பிலை கட்டுவதையும் யாரும் தடுக்கவில்லை. ஊசியையும் போடுங்கள் என்றே சொல்கிறேன். ஒழிந்த நோய் ஓய்ந்துவிடும் என்பதும் இல்லை. 27 ஆண்டுகளாக நம் நாட்டில் இல்லாதிருந்த இளம்பிள்ளை வாதம், 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் 3 மாதக் குழந்தையிடம் காணப்பட்டது.

ஊசி போட்ட அன்று இலேசான காய்ச்சலும், போட்ட இடத்தில் வலியும் இருக்கலாம். ஓரிரு நாளில் தணியும். காசநோய் ஊசி புண்ணாகித் தழும்பாவது வழக்கம், மருந்து தடவ வேண்டாம். சாதாரண சளிக்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். கடுமையான காய்ச்சல் இருந்தாலோ, முந்திய ஊசிக்கு மூச்சுத் திணறல் வந்திருந்தாலோ மிஸியிடம் சொல்லுங்கள்.

வீட்டிலிருக்கும் பாட்டி, தாத்தாவுக்கும் ஊசியுண்டு. இனிப்புநீர், இருதய நோய், ஆஸ்த்மா உள்ளவர்களுக்குச் சளிக்காய்ச்சல் நிமோனியாவாக மாறும் அபாயம் அதிகம். அந்தக் கிருமி அடிக்கடி உருமாறுவதால், அதற்கான ஊசியும் ஆண்டுக்கு ஒன்று.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பெயர்ந்து போகும்போது நம்மவர் பானை சட்டியை மறப்பதில்லை. குழந்தையின் ஊசிப் புத்தகத்தை மறந்துவிடுகிறார்கள். பிறப்புப் பத்திரத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். தொலைந்துவிட்டால், முன்பு ஊசி போட்ட கிளினிக்கில் பதிவைக் கேளுங்கள். நடுவில் ஓர் ஊசி விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நாள் கடந்துவிட்டதே, மிஸி ஏசுவார் என்று அஞ்சிப் போகாமலிருந்துவிடாதீர்கள். ஏசினாலும் ஊசி போட்டுத்தான் அனுப்புவார்.